எண் பொருந்திய துப்பாக்கி

மலேசியாவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பது என்ற பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க விடாது. அசல் மாதிரியே தெரியும் போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. 1971ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், கள்ளத்தனமாக வைத்திருக்கும் துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. எனவே துப்பாக்கி விலை பற்றிய கட்டுரை இங்கே யாருக்கும் கடைக்குப் போக உதவாது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், நம்முடைய வரலாற்றின் ஒரு மூலைக்குள் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

கேள்வி மெல்பர்னிலிருந்து வந்தது. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன், கிள்ளான்காரன், சில ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறான். அவன் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஜப்பான்காரன் காலத்தில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் முறையான உரிமம் எடுத்தால் சேகரிப்பாளராகப் பழைய துப்பாக்கி வைத்திருக்கலாம். ஒரு வியாபாரியின் பட்டியலில் இரண்டு துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறான். ஒன்று இங்கிலாந்தில் செய்த அசல் 'ஜங்கிள் கார்பைன்'. விவரக் குறிப்பில் 'மலாயா அவசரகாலத்தில் பயன்பட்டது' என்ற வரியும் இருந்தது. மற்றது அதே தோற்றத்துக்குப் பிற்காலத்தில் மாற்றிய இந்தியத் துப்பாக்கி. முதலாவதன் விலை இரண்டாவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். "நீதான் மெக்கானிக்கல் ஆச்சே, சொல்லுடா, வொர்த்தா இல்லையா?" என்று கேட்டான்.

நான் கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு பாகம் வரைபடத்தின்படி இருக்கிறதா, கேஜுக்குள் போகிறதா என்று பார்ப்பதுதான் தினசரி வேலை. முதலில் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் மொத்தம் 1 கோடியே 70 லட்சம் துப்பாக்கிகள் வரை செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டும் பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியும், என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழல் வரிகளும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 ரகம் ஏறத்தாழ 4.1 கிலோ எடை. காட்டுச் சண்டைக்கு அது நீளம், பாரம் என்று அதைக் குறுக்கி 1944இல் கொண்டுவந்ததுதான் நம்பர் 5. சுமார் 13 சென்டிமீட்டர் குட்டை, 3.2 கிலோதான். முன்னால் தீச்சுடரை மறைக்க ஒரு கூம்பு, பின்னால் தோளுக்கு ஒரு ரப்பர் பட்டை. 'ஜங்கிள் கார்பைன்' என்பது பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரபூர்வமாக வைத்த பெயரே இல்லை. பேச்சுவழக்கிலும் விற்பனையிலும் ஒட்டிக்கொண்ட பெயர்.

எடையைக் குறைத்தால் உதை கூடும். அது இயற்பியல், தப்ப முடியாது. ரப்பர் பட்டையும் ரொம்பக் குறுகலாக இருந்ததால் தோள் வலி என்பது எல்லோரும் சொன்ன குறை. பெரிய புகார் வேறு. ஒருமுறை குறி சரிசெய்து வைத்தாலும் அடுத்த தடவை தோட்டா வேறிடத்துக்குப் போகிறது என்று ராணுவத்தில் முறையிட்டார்கள். கோளாறு வடிவமைப்பிலேயே இருக்கிறது, திருத்த முடியாது என்று 1947இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். பிற்காலத்தில் இதைச் சுட்டுப் பார்த்த பல சேகரிப்பாளர்கள் தங்களுடையதில் அந்தக் குறை தெரியவில்லை என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இது ஒரு சராசரிக் கருவி. அபூர்வமும் இல்லை. லிவர்பூல் அருகே ஃபசாகெர்லியிலும் பர்மிங்ஹாம் பக்கம் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 செய்யப்பட்டன.

அடுத்து அந்த இந்தியத் துப்பாக்கி. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே லீ-என்ஃபீல்டு செய்துவந்தது. அதே வரைபடம், அதே கேஜ், அதே .303 தோட்டா. ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும் கனடாவில் லாங் பிராஞ்சிலும் அப்படித்தான். எங்கே செய்தாலும் பாகம் பொருந்த வேண்டும் என்பதுதான் ஒரு பேரரசின் ராணுவத் தயாரிப்பின் அடிப்படை. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர்க்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். பழைய எஃகை மாற்றி, வலுவான எஃகில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப 2ஏ என்ற ரகத்தைச் செய்தார்கள். பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா. அறுபது ஆண்டுப் பழைய வடிவத்தை எடுத்து, இருக்கிற இயந்திரங்களை வைத்தே புதிய அழுத்தத்துக்குத் தயார்படுத்துவது சாதாரண வேலை இல்லை. தொழிற்சாலையில் இருப்பவனுக்கு அதன் அருமை தெரியும். உத்தரப் பிரதேசப் போலீஸ் தன் .303 துப்பாக்கிகளுக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான். அவ்வளவு காலம் உழைத்திருக்கிறது.

ஆக, எஃகையும் மரத்தையும் மட்டும் பார்த்தால் அந்த மூன்று மடங்கு விலைக்கு நியாயம் இல்லை. சேகரிப்பாளர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவர்கள் காசு கொடுப்பது வேறொன்றுக்கு.

போருக்குப் பின் இந்தத் துப்பாக்கிகள் அமெரிக்காவில் குப்பை விலைக்குத்தான் போயின. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கு வந்துவிடும். 1963இல் கென்னடியைச் சுட்ட இத்தாலியத் துப்பாக்கி அப்படித் தபாலில் வாங்கியதுதான், தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர். மலிவாகக் கிடைத்ததால் வாங்கியவர்கள் மரக்கட்டையை அறுத்து, குழலை வெட்டி, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் விட்டவை குறைந்துகொண்டே போயின. 1968இல் வந்த சட்டம் தபால் விற்பனையையும் ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. எண்பதுகளில் பழம்பொருள் வகைக்கு மட்டும் கதவு திறந்தபோது, இறக்குமதியாளர் தன் பெயரைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டியிருந்தது. அந்தச் சின்ன முத்திரை விழாத, பழைய காலத்திலேயே வந்திறங்கிய துப்பாக்கிக்குத் தனி மவுசு வந்தது இப்படித்தான்.

விலை ஏறியதும் போலி வரும். கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் சாதாரண லீ-என்ஃபீல்டுகளை வெட்டி 'சாண்டா ஃபே ஜங்கிள் கார்பைன்' என்று விற்றது. பிறகு இன்னொரு நிறுவனம் இஷாப்பூர் 2ஏ-க்களை வைத்து அதே வேலையைச் செய்தது. அவர்கள் தங்கள் பெயரிலேயே விற்றார்கள், அதில் ஏமாற்று இல்லை. கை மாறக் கை மாறத்தான் பெயர் மறைந்து 'அசல்' ஆகிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அசல் நம்பர் 5-இல் எடை குறைப்பதற்காக உடற்பகுதியில் உலோகத்தைக் கடைந்து எடுத்திருப்பார்கள். குழலின் அடிப்பகுதியில், மரத்துக்குள் மறைந்திருக்கும் இடத்திலும் அந்தப் பள்ளங்கள் இருக்கும். வெளியே கூம்பு மாட்டுவது சுலபம், உள்ளே யாரும் கடையமாட்டார்கள். பாகிஸ்தானின் தாரா ஆதம் கேலில் கையால் செய்யும் நகல்களை இன்னும் எளிதாகப் பிடிக்கலாம். விக்டோரியா ராணி 1901இல் இறந்துவிட்டார். ஆனால் அவர் முத்திரையைப் போட்டு, அதன் கீழ் அதற்குப் பிந்தைய ஆண்டைப் பொறித்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் எண். லீ-என்ஃபீல்டின் போல்ட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொருத்தி, உடலில் உள்ள எண்ணையே அதிலும் பொறிப்பார்கள். வேறு போல்ட்டைப் போட்டால் தோட்டா உட்காரும் இடைவெளி மாறலாம், ஆபத்து. பாதுகாப்புக்காக வந்த அந்த எண்தான் இன்று அசலுக்கான சாட்சி. குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்காக ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் மாற்றிக்கொடுத்த நம்பர் 4 ரகத்தில், தொலைநோக்கியின் எண்ணையும் கட்டையில் பொறித்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் ஒரு விலை, தொலைநோக்கி தொலைந்து வேறு மாட்டியிருந்தால் ஒரு விலை. துப்பாக்கி என்னவோ இரண்டு நிலையிலும் ஒரே மாதிரிதான் சுடும்.

சேகரிப்பாளர் கொடுக்கும் கூடுதல் பணம் பதிவுக்கு. இது எங்கே பிறந்தது, எந்த ஆண்டு, யாரும் கைவைக்காமல் இத்தனை காலம் வந்ததா என்று சொல்லும் எண்ணும் முத்திரையும் காகிதமும்தான் அந்த மூன்று மடங்கு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நானும் பாகத்தை மட்டும் பார்த்து ஏற்பதில்லை, அதோடு வரும் சான்றிதழையும் பார்க்கிறேன். சான்றிதழ் இல்லாத எஃகு பழைய இரும்பு விலைதான்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி இருந்ததே, 'மலாயா'. அதற்கு என்ன சான்றிதழ்?

நம்பர் 5 மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ், கூர்க்காப் படைகளிடம் இருந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலை முத்திரை அது எங்கே செய்யப்பட்டது என்பதைத்தான் சொல்லும், எந்தத் தோட்டத்து வழியாக நடந்தது என்பதைச் சொல்லாது. படைப்பிரிவின் பதிவேட்டில் அந்த எண் இருந்து, அந்தப் பதிவேடும் கிடைத்தால் ஒழிய 'மலாயா' என்பது வியாபாரியின் வார்த்தை. என் நண்பனின் மனதைத் தொட்டதோ அந்த ஒரு வார்த்தைதான். அதனால்தான் இந்தத் துப்பாக்கிக் குடும்பம் நம்மவர்கள் வாழ்க்கையில் எங்கெல்லாம் வந்தது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் இடம் கிள்ளான். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கேட்டார்கள். இன்னொரு கோரிக்கை என்னால் மறக்க முடியாதது. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய கட்டாயம் கூடாது என்று கேட்டார்கள். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை. போலீசோடு இந்தியப் படையும் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று மலாயாவில் இருந்த இந்தியப் படையின் வழக்கமான ஆயுதம் .303 லீ-என்ஃபீல்டுதான்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது, பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர். சரணடைந்த படையின் ஆயுதங்கள் குவிந்தன. மோகன் சிங் தொடங்கி, 1943இல் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கைப்பற்றிய பிரிட்டிஷ் ஆயுதங்களே. அதே .303. போன வருடம் யாருக்கு எதிராக நீண்டதோ, அந்தத் தோட்டத்துத் தமிழர்கள் இப்போது அதைத் தோளில் வைத்துப் பயிற்சி எடுத்தார்கள். 1943 அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியபோது, பால் வாளி தூக்கிய பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். அந்தப் படையில் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூர்க்காரர். 2014இல்தான் மறைந்தார். இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் தோரண வாயிலைத் தாண்டி வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிற நம்மில் பலருக்கு, இதே நகரத்தில் பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் புறப்பட்ட ஒரு தமிழ்ப்பெண் இருந்தார் என்பது தெரியாது.

போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு அரசாங்கமே ஒரு விலை வைத்தது. ஜப்பானியருக்கு எதிராகக் காட்டில் போராடிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்துக் கலைந்த உறுப்பினருக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்த விலை தலைகீழாக மாறியது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது.

அந்த விதியின் கீழ்தான் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். ஐ.என்.ஏ.வில் இருந்தவர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். குற்றச்சாட்டு: ஒரு சுழல்துப்பாக்கி, ஆறு தோட்டா. இரண்டே வாரத்தில் தீர்ப்பு. இந்திய அரசாங்கம் உயிரைக் காப்பாற்ற முயன்றது, பலிக்கவில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இன்று புடு சிறை இருந்த இடத்தில் பேரங்காடி நிற்கிறது. அங்கே படம் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு தோட்டா ஞாபகம் வரும்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். நான் சொன்ன பதில் மூன்று பகுதி. சுடுவதற்கு என்றால் அந்தக் கூடுதல் விலை வேண்டாம், நல்ல நிலையில் இருக்கும் இஷாப்பூரே போதும், ஒருவேளை அதுதான் மேல். சேகரிப்பதற்கு என்றால், எண் பொருந்துகிறதா, உள்ளே கடைசல் பள்ளம் இருக்கிறதா என்று கட்டையைக் கழற்றிப் பார்க்க வியாபாரி விட்டால், அசலுக்குக் கொடுக்கும் பணம் நியாயம். பிற்பாடு விற்றாலும் கையைக் கடிக்காது. ஆனால் 'மலாயா' என்ற சொல்லுக்காக மட்டும் ஒரு காசு கூடக் கொடுக்காதே. காகிதம் இல்லாத வரலாறு அது. அதோடு, உன் தாத்தா தூக்கியது நம்பர் 5 ஆக இருக்கவே முடியாது. அது தொழிற்சாலையை விட்டு வந்ததே 1944இல், பிரிட்டிஷ் தரப்பில். அவர் கையில் இருந்திருக்கக்கூடியது அதற்கு முந்தைய ரகம், இஷாப்பூரில் செய்ததாகக்கூட இருக்கலாம்.

"அப்போ மலிவானதுதான் எங்க தாத்தாவுக்குக் கிட்டவா?" என்றான். ஒரு வகையில் ஆமாம்.

விலைப் பட்டியலைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்தியது இதுதான். ஒரு துப்பாக்கியின் பிறப்பிடம், ஆண்டு, தொழிற்சாலை, பரிசோதகரின் முத்திரை வரை எழுதி வைத்திருக்கிறார்கள். போல்ட் மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தூக்கிய தோட்டத்துப் பையனுக்கு இப்படி எதுவும் கிடையாது. எந்தத் தோட்டம், எந்த வயதில் சேர்ந்தார், எந்த முகாம், எப்போது திரும்பினார் என்று கேட்டால், "தாத்தா ஐ.என்.ஏ.வுல இருந்தாரு" என்ற ஒரு வரியோடு பல குடும்பங்களில் கதை முடிந்துவிடுகிறது. 'மலாயாவில் பயன்பட்டது' என்ற வியாபாரியின் வரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் எண் இல்லை. அதனால்தான் அடுத்தவன் எழுதிய 'மலாயா'வுக்கு நாம் மூன்று மடங்கு கொடுக்கத் தயாராகிறோம்.

எண் பொருத்தும் வேலையை நாமே செய்யலாம், செலவும் குறைவு. 1943இல் பதினாறு வயதில் சேர்ந்தவர் இன்று நூறை நெருங்கிவிட்டார், அவரைத் தேடுவது அனேகமாகத் தாமதம்தான். ஆனால் அவர் பிள்ளைகள் எழுபது, எண்பது வயதில் செந்தோசாவிலும் பண்டமாரானிலும் காப்பாரிலும் இருக்கிறார்கள். பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு. இந்த நான்கையும் கைப்பேசியில் பதிவு செய்ய அரைமணி நேரம் போதும். பிறகு பொருத்திப் பார்க்க இடம் இருக்கிறது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைச் சேகரித்து வருகிறது, அதில் ஜப்பானிய ஆட்சிக்கால நேர்காணல்கள் ஏராளம். ஒரு வீட்டுக் கதையில் வரும் தோட்டத்தின் பெயரும் ஒரு கோப்பில் வரும் பெயரும் ஒன்றுபோனால், அது போல்ட்டும் உடலும் பொருந்துவது போலத்தான்.

துப்பாக்கியைப் பார்க்க மட்டும் ஆசை என்றால், பெர்டானா சாலையில் காவல்துறை அருங்காட்சியகம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தேசிய அருங்காட்சியகம் வழியாக மேட்டில் ஏறினால் போய்விடலாம். அவசரகாலத்தில் கைப்பற்றிய ஆயுதங்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். போகிறவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.